இறக்குக்கல்

சின்னேற்றங்கரை நடைபாதையின் வரலாற்றை எழுதியவர் திருவேங்கடம். அதில் ஒரு பிணம்கூட இல்லை.

மொத்தம் ஒன்றரைப் பக்கம். தாசில்தார் ஆபீசில் முப்பத்தொரு வருடம் நோட் போட்ட கை, தெலுங்கில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியது. அதன் சுருக்கத்தைத்தான் இப்போது பாதையின் வாசலில் நீலப் பலகையில் வைத்திருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன், மக்கள் காற்று வாங்கி உலாவுவதற்காக அன்றைய பஞ்சாயத்தார் சின்னேறு ஓடையின் வடகரையில் இந்தப் பாதையை அமைத்து, இருபுறமும் நூற்றுப் பதினெட்டு மரங்களை நட்டார்கள் என்று அது தொடங்குகிறது.

ஆந்திர எல்லையோரத்துக் கொத்தவேட்டில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் காற்று வாங்க உலாவியவர் என்று யாரும் கிடையாது. தறிக்குழியில் இருந்து எழுந்தவன் வயலுக்குப் போனான், வயலில் இருந்து வந்தவன் படுத்தான். வடகரை சுடுகாட்டுக்குப் போகிற வழி. அதைத் தவிர அதற்கு வேறு வேலை இருந்ததில்லை.

எழுபத்தொன்றாம் வருடம் கத்திரி வெயிலில் பஞ்சாயத்து பிரசிடெண்டின் தகப்பனார் செத்துப்போனார். பாடை தூக்கிய நான்கு பேரில் ஒருவர் மணல் சூட்டில் மயங்கி விழ, பாடை ஒரு பக்கமாகச் சரிந்து, மாலையும் சடலமும் ஓடை மணலில் புரண்டன. ஊரே பார்த்தது. அந்த ஆனி மாதமே தீர்மானம் போட்டு மரம் வைத்தார்கள். எல்லா மரமும் இலை உதிர்த்து நிற்கும் காலத்தில் புங்கைதான் புதுத்தழை விடும் என்பதால் புங்கை. பாடை தூக்குகிறவன் தலைக்கு நிழல் வேண்டும் என்பதற்காக வைத்த மரங்கள் அவை. தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் பஞ்சாயத்து வாட்டர்மேன் முனிரத்தினம். ஓடையில் ஊற்று தோண்டி அவர் குடத்தில் மொண்டு கொடுக்க, அவருடைய ஒன்பது வயது மகள் இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கன்றாக ஓடினாள். அந்தப் பெண்தான் பின்னால் திருவேங்கடத்துக்கு மனைவியாக வந்த பொன்னியம்மாள்.

பாதி வழியில் அதற்கு முன்பே ஒரு மருதமரம் நின்றது. அதன் அடியில் ஆள் நீளத்துக்கு ஒரு பலகைக்கல். இறக்குக்கல் என்பார்கள். பாடையை அங்கே இறக்கி, மிக நெருங்கிய ஒருவர் குனிந்து செத்தவர் காதில் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட வேண்டும். ஒருவேளை உயிர் இருந்தால் எழுந்துகொள்ளட்டும், இல்லையென்றால் போகிறவர்கள் தங்களைக் கூப்பிட ஆள் இருந்தது என்று தெரிந்து போகட்டும். அதன் பிறகுதான் தலைமாட்டைத் திருப்பித் தூக்குவார்கள். ஊரில் தெலுங்கு பேசுகிறவர்களுக்கும் தமிழ் பேசுகிறவர்களுக்கும் கோயில் வேறு, பந்தி வேறு. இந்தக் கல் ஒன்றுதான்.

திருவேங்கடம் பொய் எழுதியது இந்த மரங்களுக்காகத்தான்.

நான்கு வருடங்களுக்கு முன் ஓடைக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பி, வடகரையில் இருபதடி ரோடு போடுவது என்று ஒரு திட்டம் வந்தது. மரங்களுக்குச் சிவப்புப் பெயிண்டில் நம்பர் போட்டுவிட்டார்கள். திருவேங்கடம் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். இதற்கும் வந்தார்கள். பழைய ஆபீஸ் பழக்கத்தில் இரண்டு இடங்களில் விசாரித்து, ஒரு வழி கண்டுபிடித்தார். நகர அழகுபடுத்தும் திட்டம் ஒன்றில் இந்தக் கரையை நடைபாதை என்று சேர்த்துவிட்டால், மரம் வெட்டக் கூடாது. ரோடு திட்டம் தானாகவே தெற்குக் கரைக்குப் போய்விடும்.

ஃபாரத்தில் பதினான்காவது கேள்வி: இந்நிலம் மயானமாகவோ, மயானத்துக்குச் செல்லும் வழியாகவோ பயன்பாட்டில் உள்ளதா? ஆம் என்றால் அந்த விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். திருவேங்கடம் 'இல்லை' என்று எழுதினார். அதற்கு ஆதாரமாகப் பாதையின் வரலாற்றை எழுதி இணைத்தார். கீழே நாற்பத்திரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து அவருடையது.

எழுதி முடித்த அன்று மத்தியானம் பொன்னியம்மாளுக்குப் படித்துக் காட்டினார். அவள் மொச்சைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாத்தான் கீது,” என்றாள். “எங்க நைனா எந்த வழியா போனாரு?”

“இன்னாமே இது. ஃபாரத்துக்காவ எழுதறது.”

“அத்தைத்தான் நானும் கேக்கறேன். ஃபாரத்துல எங்க நைனா எந்த வழியா போனாரு? பறந்துக்கினு போனாரா?”

“மரம் இருக்கணுமா வேணாவா?”

“இருக்கணும்.” ஒரு மொச்சையை நகத்தால் பிதுக்கினாள். “நாளைக்கு எவனாவது இத்தைப் படிச்சிட்டு, பொணம் போவக் கூடாதுன்னா?”

“எவன் படிக்கப் போறான்? ஃபைல்ல எழுதறது ஃபைல்லயே கெடக்கும். அது வேற, ஊரு வேற. நான் பாக்காத ஃபைலா?”

உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். முப்பத்தொரு வருடமும் அவர் எழுதிய நோட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அலமாரியில் ஏறினவே தவிர, ஒன்றாவது இறங்கி வந்து தெருவில் நடந்து அவர் பார்த்ததில்லை.

திட்டம் பாஸாயிற்று. மரங்களுக்குச் சுற்றிலும் சிமெண்ட் வளையம், தரைக்கு டைல்ஸ், இருபது அடிக்கு ஒரு விளக்கு. இறக்குக்கல்லைப் பெயர்க்க முடியாததால் அதன் மேலேயே மஞ்சள் டைல்ஸ் ஒட்டி உட்காரும் மேடையாக்கினார்கள். காலையில் ஷூ லேஸ் கட்டுகிறவர்கள் அதன்மேல் காலை வைத்தார்கள். இரண்டு முனையிலும் வண்டிகள் நுழையாதபடி வளைந்து வளைந்து போகும் குழாய்க் கேட் வைத்தார்கள். ஒரு ஆள் உடம்பைத் திருப்பித் திருப்பி உள்ளே போகலாம். பாடை போகாது. மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் லாரி உள்ளே வர, பக்கத்தில் பூட்டுப் போட்ட பெரிய கேட். சாவி காவலாளி கன்னையாவிடம். கன்னையா அதுவரை சாவுக்கு மேளம் அடித்தவன். கேட் வைத்ததும் அவனுக்குக் காக்கிச் சட்டையும் விசிலும் கொடுத்தார்கள்.

“முன்னெல்லாம் பொணத்துக்கு முன்னால போறது வேலை,” என்பான். “இப்ப அத்தை நிறுத்தறது வேலை. ரெண்டுக்கும் சம்பளம் ஊருதான்.”

முதலில் நிறுத்தப்பட்டது தறிக்கார ஹரிபாபுவின் அப்பா. பாடையோடு கேட் வரைக்கும் வந்துவிட்டார்கள். கன்னையா நகராட்சிக்குப் போன் போட, அங்கிருந்து வந்த ஆள் பலகையைக் காட்டினான். இது உலாவும் பாதை, சுடுகாட்டு வழியாக எப்போதும் இருந்ததில்லை, உங்கள் ஊர்க்காரர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பாடையைத் தோளில் வைத்துக்கொண்டே ஹரிபாபு கூட்டத்தில் திருவேங்கடத்தைத் தேடினான்.

“மாமா, நீங்க சொல்லுங்க. எப்பவும் இல்லியா?”

திருவேங்கடம், “இன்னைக்கு ஹைவே பக்கமா போயிடலாம்பா, அப்பறம் பேசிக்கலாம்,” என்றார்.

“எங்கப்பனுக்கு ஏது மாமா அப்பறம்?”

பாடை திரும்பியது. போகும்போது ஹரிபாபு, “உங்க வூட்டுக்கும் ஒரு நாள் வரும். அன்னைக்குப் பாக்கறேன்,” என்றான். கோபத்தில் சொன்னதாக ஊர் எடுத்துக்கொண்டது. திருவேங்கடத்துக்கு அப்படித் தோன்றவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிறவன் குரல் அது.

அடுத்த வருடம் பொன்னியம்மாளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டதாகச் சொன்னார்கள். வாரத்துக்கு மூன்று நாள் திருப்பதிக்கு டயாலிசிஸ். விடிகாலை பஸ்ஸில் போய், மரப்பொம்மை போல அசையாமல் நான்கு மணி நேரம் படுத்து, மத்தியானம் ரயிலிலோ பஸ்ஸிலோ திரும்புவார்கள். மகள் மோகனப்ரியா தடாவில் குடியிருந்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வர முடிந்தது. சிகிச்சை இல்லாத நாட்களில் சாயங்காலம் பொன்னியம்மாள் நடைபாதைக்குப் போக வேண்டும் என்பாள். குழாய்க் கேட்டில் திரும்பித் திரும்பி நுழைவதற்குள்ளேயே மூச்சு வாங்கும். நேராக மருதமரத்தடிக்குப் போய் அந்த மஞ்சள் மேடையில் உட்காருவாள்.

“வேற பெஞ்சு இல்லியா?” என்று திருவேங்கடம் ஒரு நாள் எரிந்து விழுந்தார்.

“பழகிக்கினு கீறேன்.”

“இன்னா பேச்சு இது?”

“பின்ன? இங்க என்னைப் படுக்க வைக்கப் போறது இல்லன்னு ஆச்சு. உக்காந்தாவது போறேன்.” சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: “இங்க கீற நூத்திப் பதினெட்டுல தொண்ணூறு மரம் நான் தண்ணி ஊத்தினது. என்னை அந்த லாரி போற ரோட்டுல எடுத்துக்கினு போவாதீங்க. இங்க எறக்கி ஒரு வாட்டி கூப்புடுங்க. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

மறுநாளே திருவேங்கடம் மனு எழுதினார். சவ ஊர்வலங்களுக்கு மட்டும் பெரிய கேட்டைத் திறந்துவிட வேண்டும் என்று மூன்று பத்தி. நகராட்சி கமிஷனர் வரலட்சுமி மரியாதை தெரிந்த பெண். அவருக்கு நாற்காலி போடச் சொல்லி, மனுவைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு அலமாரியில் இருந்து பழைய ஃபைலை எடுத்து வரச் சொல்லி, இணைப்பு மூன்றைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார்.

“மீரே கதா சார் ராசிந்தி?”

எழுதியது நான்தான் என்று அவர் தலையசைத்தார். தன் கையெழுத்தை வேறொருவர் மேஜையில் பார்க்கும்போது அது அத்தனை அழகாக இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

கமிஷனர் தெலுங்கிலேயே நிதானமாக விளக்கினார். இந்த மனுவை வாங்கிக்கொண்டால் நான் குறிப்பு எழுத வேண்டும். முதலில் சொன்னது பொய் என்று ஆகும். பொய் உறுதிமொழியில் வாங்கிய திட்டம் ரத்தாகும். தெற்குக் கரையில் வீடு போகிறவர்கள் ஏற்கனவே ஹைகோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் தேடுவதே இப்படி ஒரு காகிதத்தைத்தான். அது கிடைத்தால் ரோடு வடகரைக்குத் திரும்பும். மரங்கள் ஒன்றும் நிற்காது. கொடுக்கிறீர்களா?

மின்விசிறியில் மனுவின் ஓரம் படபடத்தது. திருவேங்கடம் அதைக் கையால் அழுத்திப் பிடித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில், “குடுத்துக்கீறேன். பாக்கறேன்னு சொல்லிக்கீறாங்க,” என்றார்.

பொன்னியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “மனு பையிலயே எட்டிப் பாக்குது,” என்றாள்.

அவர் பையைக் குனிந்து பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அவள் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பரவால்ல, மரம் இருக்கட்டும்னு நான் சொல்லணும்னு பாக்கறீங்க.”

அவர் மனுவைப் பைக்குள் அழுத்தித் திணித்தார்.

“சொல்ல மாட்டேன்,” என்றாள். “மரமும் இருக்கணும். நானும் அந்த வழியா போவணும். ரெண்டும் எனக்கு வேணும். எது ஆவாதோ அத்தை நீங்களே சொல்லிக்குங்க.”

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. திருப்பதி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவளும் பக்கத்தில் அவருமாக, சோற்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போய்வந்தார்கள். எட்டு மாதம்.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை காலை, பஸ்ஸுக்குக் கிளம்பப் புடவை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

பத்து மணிக்கு மோகனப்ரியா வந்தாள். பதினொன்றுக்குள் வீட்டு வாசலில் மூங்கில் கட்டியாயிற்று. சவ வேன் சொல்லிவிடலாம் என்று யார் சொல்லியும் கேட்காமல் பாடைதான் கட்டினார்கள். எந்த வழி என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. திருவேங்கடத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

எல்லாருக்கும் முன்னால் மாலையோடு வந்தவன் ஹரிபாபு. மாலையைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் குந்தினான்.

“மாமா, கன்னையா வெளிய நிக்கறான். சாவி எடுத்துக்கினு வந்துக்கீறான்.”

திருவேங்கடம் நிமிர்ந்தார். கன்னையா காக்கிச் சட்டைக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தெருமுனையில் நின்றான். தோளில் பழைய மேளம்.

“பொன்னியக்காவுக்கு அடிக்காம வேற யாருக்கு அடிக்கப் போறேங்கறான். வேலை போனா போவட்டுமாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்.” ஹரிபாபு துண்டால் கழுத்தைத் துடைத்தான். “நெஜத்த சொல்றேன் மாமா. எங்கப்பன நிறுத்தின கேட்டு உங்களுக்குத் தொறந்தா வழிமேல படுக்கறதுன்னுதான் இருந்தேன். அக்கா மூஞ்சியப் பாத்தப்பறம் மனசு வரல.”

“நைனா,” என்றாள் மோகனப்ரியா. அழுது அழுது குரல் தேய்ந்திருந்தது. “அம்மா கேட்டது அது ஒண்ணுதான்.”

திருவேங்கடம் பாடையைப் பார்த்தார். கேட் திறப்பதை நினைத்தார். ஐம்பது பேர் கையில் போன் இருக்கும். தெற்குக் கரைக்காரர்கள் எதிரே வாசலில் நின்று பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள். மஞ்சள் மேடையில் பாடையை இறக்கி ஒரு மனிதன் குனிந்திருக்கும் படம். அதன் பக்கத்தில் இணைப்பு மூன்று. முதல் கையெழுத்து. ஒரு நல்ல கிளார்க் அரை மணியில் அந்த நோட்டை எழுதிவிடுவான். அவரே அதை மனதுக்குள் எழுதி முடித்துவிட்டார்.

“வேனுக்குப் போன் போடுப்பா,” என்றார்.

ஹரிபாபு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனான். மோகனப்ரியா புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். அம்மாவின் கால் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். தெருமுனையில் கன்னையா மேளத்தைத் தோளில் இருந்து கழற்றினான்.

கண்ணாடி வைத்த வேன். உள்ளே கோவிந்த நாமம் ஒலித்துக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த டிரைவருக்குத் தெரியவில்லை, அல்லது நிறுத்துவது இல்லை. ஹைவேயில் மூன்று கிலோமீட்டர். ஓடைக்கு அந்தப் பக்கம் புங்கை வரிசை முழுவதும் தெரிந்தது. நடுவே மருதமரத்தின் தலை மட்டும் உயர்ந்து நின்றது. திருவேங்கடம் டிரைவரின் தோளைத் தொட்டார்.

“இங்க ஒரு நிமிஷம் நிறுத்துப்பா.”

“இங்க நிறுத்தக் கூடாது சார். பின்னாடி கன்டெய்னர் வருது பாருங்க.”

வேகத்தை மட்டும் குறைத்தான். பின்னால் வந்த கன்டெய்னர் ஹாரன் அடித்தது. மரம் கண்ணாடியின் ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்கு நகர்ந்து போயிற்று.

சுடுகாட்டின் ஹைவே பக்க வாசலில் சிமெண்ட் களம். அங்கே இறக்கினார்கள். கூப்பிடச் சொன்னார்கள். அவர் குனிந்து, “பொன்னி,” என்றார். இரண்டாவது முறை கொஞ்சம் சத்தமாக. மூன்றாவது முறை வாய் திறந்தபோது ரோட்டில் இரண்டு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. இரண்டுதான் ஆயிற்று என்றார் ஒரு பெரியவர். இல்லை, மூன்று, நான் கேட்டேன் என்றார் இன்னொருவர். அதற்குள் தூக்கிவிட்டார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் மோகனப்ரியா தடாவுக்குப் போனாள். பஸ் ஏறும்போது, “சாப்புடு நைனா,” என்றாள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து திருவேங்கடம் மேஜையில் உட்கார்ந்தார். புது வெள்ளைத்தாள் எடுத்து, விளிம்புக்கு மடிப்புப் போட்டு, மேலே 'சின்னேற்றங்கரைப் பாதையின் வரலாறு' என்று எழுதினார். இம்முறை தமிழில். யாருக்கும் கொடுப்பதற்கு அல்ல. கொடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

கத்திரி வெயிலையும் சரிந்த பாடையையும் எழுதினார். குடம் சுமந்த ஒன்பது வயதுப் பெண்ணை எழுதினார். பிறகு அந்த வழியே போனவர்களை வரிசைப்படி எழுதத் தொடங்கினார். பிரசிடெண்டின் தகப்பனார். வெள்ளத்தில் போன இரண்டு அண்ணன் தம்பிகள். வாட்டர்மேன் முனிரத்தினம், தொண்ணூற்று மூன்று, தை. தறிக்கார வீட்டு ஆண்டாளம்மா. கன்னையாவின் முதல் பெண், ஆறு வயது. அவருடைய சொந்த அம்மா. நினைவில் வராத வருடங்களுக்கு இடம் விட்டு எழுதினார். மூன்றரைப் பக்கம் ஆயிற்று. நூற்றுப் பதினொரு பேர். கடைசியாகப் போனது கேட் வைப்பதற்கு ஒரு மாதம் முன்பு, ஹரிபாபுவின் அம்மா.

அதற்குக் கீழே நூற்றுப் பன்னிரண்டு என்று இலக்கம் போட்டு, தி. பொன்னியம்மாள், புரட்டாசி, வியாழன் என்று எழுதினார்.

வாசலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நடைபாதையில் யாரையோ வண்டியை எடுக்கச் சொல்லி விசில் சத்தம் கேட்டது. திருவேங்கடம் அந்தக் கடைசி வரியைப் படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு ஸ்கேலை எடுத்து வைத்து, அந்த வரியை ஒரே கோட்டில், உள்ளே இருக்கும் எழுத்து படிக்கத் தெரியும்படியாக அடித்தார். ஆபீஸ் வழக்கப்படி, அடித்த இடத்துக்குப் பக்கத்தில் விளிம்பில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டு, தேதியிட்டார்.